பார்க்கத் தெரிந்த துப்பாக்கி

தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்ற டிவி கேம் பெட்டியைப் பிரித்தால் இரண்டு ஜாய்ஸ்டிக், ஓர் அடாப்டர், டிவியின் ஆண்டெனா துளையில் செருகும் வயர், ஒரு கேசட், கூடவே ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி இருக்கும். மரியோ, கான்ட்ரா ஆட்டங்களைப் பற்றி எங்கள் தலைமுறை பேசித் தீர்த்துவிட்டது. அந்தத் துப்பாக்கியைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்தவற்றில் ஆகப் பெரிய அதிசயம் அதுதான் என்பேன்.

‘டக் ஹண்ட்’ கேசட்டைப் போட்டதும் நாய் ஒன்று மோப்பம் பிடித்தபடி வந்து புல்லுக்குள் தாவும். வாத்துகள் படபடவென்று மேலே எழும்பும். விசையை இழுத்தால், குறி சரியாக இருந்தால், வாத்து விழும். தவறினால் நாய் புல்லுக்கு மேல் தலையை நீட்டிச் சிரிக்கும். அந்த நாயைச் சுட முயலாத பிள்ளை யார்? வீட்டில் ஆடிய அந்த ஆட்டத்தில் அதைச் சுடவே முடியாது.

துப்பாக்கியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பாய்ந்துபோய் வாத்தின் மேல் படுகிறது என்றே நாங்கள் நம்பினோம். நடந்தது நேர் எதிர். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவுமே வெளியே போகவில்லை. அதன் குழலுக்குள் ஒரு சின்ன லென்ஸும், ஒளி பட்டால் மின்சமிக்ஞை தரும் போட்டோ டயோடும் இருந்தன. துப்பாக்கி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒளியை அனுப்பியது டிவி.

விசையை இழுத்தவுடன் திரை முழுவதும் ஒரு கணம் கறுத்துவிடும். அடுத்த கணம், வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். அதற்கும் அடுத்த கணம் பழைய வானமும் புல்லும் திரும்பிவிடும். இந்தக் கணம் ஒவ்வொன்றும் ஜப்பானிய, அமெரிக்க டிவிகளில் நொடியில் 60இல் ஒரு பங்கு, நம் நாட்டு டிவிகளில் 50இல் ஒரு பங்கு. நம் கண்ணுக்கு அது ஒரு மினுக்கலாக மட்டுமே தெரியும். துப்பாக்கி வெள்ளைக் கட்டத்தைப் பார்த்திருந்தால் வாத்து விழும், பார்க்காவிட்டால் பறந்துவிடும். இரண்டு வாத்துகள் பறந்தால் கட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தக் கட்டம் வந்த கணத்தில் ஒளி தெரிந்ததோ, அந்த வாத்து காலி.

முதலில் திரை கறுப்பதற்கும் காரணம் உண்டு. திரை இருண்டிருக்கும் அந்தக் கணத்திலேயே துப்பாக்கி ஒளியைக் கண்டால், அது வேறெங்கோ குறி வைத்திருக்கிறது என்று ஆட்டம் புரிந்துகொள்ளும். குழல் விளக்கை நோக்கிச் சுட்டு வாத்து பிடிக்கும் வேலை நடக்காது.

நாம் எங்கே குறி வைத்திருக்கிறோம் என்பது இந்த ஆட்டத்துக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒளி தெரிந்ததா, இல்லையா என்ற ஒரே கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்ற ஒரே பதில். அந்த எளிமை வேண்டியிருந்தது. நம் கையில் கிடைத்த டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் நகல்கள். அவற்றின் மூல இயந்திரமான, நிண்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம், 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலையில் வெளிவந்தது. அதன் செயலி நொடிக்கு ஏறத்தாழ 18 லட்சம் துடிப்புகளில் ஓடியது. வேலை செய்ய அதற்கு இருந்த நினைவகம் 2 கிலோபைட். அப்படிப்பட்ட இயந்திரத்திடம் கணக்குப் போடச் சொல்லாமல், விடையை ஒளியாகத் திரையிலேயே எழுதிவைத்துத் துப்பாக்கியைப் படிக்கச் சொன்னார்கள்.

ஃபேமிகாமை வடிவமைத்த மசாயுகி உயெமுரா, நிண்டெண்டோவில் சேருமுன் ஷார்ப் நிறுவனத்துக்காக ஒளிமின்கலங்களை விற்றவர். அந்தக் கலங்களை வைத்து நிண்டெண்டோ 1970இலேயே துப்பாக்கி பொம்மைகளைச் செய்தது. அவற்றில் துப்பாக்கி ஒளியை வீசும், கலம் இலக்கில் இருக்கும். 1976இல் சுவரில் வாத்தின் உருவத்தை விழச்செய்து சுடும் பொம்மை ஒன்றும் வந்தது. அதன் பெயரே டக் ஹண்ட். 1984இல் அதே பெயரில் ஃபேமிகாம் ஆட்டம் வந்தபோது உணரும் பகுதி துப்பாக்கிக்குள் இடம் மாறியிருந்தது. டிவிக்குள் கலத்தைப் பொருத்த முடியாதல்லவா!

நம் வீடுகளில் பெரும்பாலோர் கண்டுபிடிக்காமலே விட்ட இன்னொன்று: ஒரு வாத்து மட்டும் பறக்கும் ஆட்டத்தில் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைக் கொண்டு அந்த வாத்தைத் திருப்ப முடியும். தம்பி வாத்தாகவும் அக்கா வேட்டைக்காரியாகவும் ஆடியிருக்கலாம்.

இன்றைய தட்டை டிவியில் அந்தத் துப்பாக்கி வேலை செய்யாது. பழைய பெட்டி டிவியில் எலக்ட்ரான் கற்றை, கைத்தறியில் நாடா ஓடுவதுபோல, வரிவரியாக ஓடிப் படத்தை வரையும். நொடிக்கு 15,000க்கும் மேற்பட்ட வரிகள். கற்றை பட்ட இடம் பளிச்சிட்டு உடனே மங்கும். துப்பாக்கியின் மின்சுற்று இந்த வேகத்தில் துடிக்கும் ஒளியைத் தேடும்படி அமைந்தது. தட்டைத் திரையின் ஒளி அப்படித் துடிப்பதில்லை. அதோடு, வந்த படத்தைச் சீர்செய்து காட்ட அது சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். வெள்ளைக் கட்டம் திரைக்கு வரும்போது ஆட்டம் பார்த்து முடித்துவிட்டிருக்கும். கேசட்டும் துப்பாக்கியும் பழுதில்லாமல் இருந்தாலும் பலனில்லை. அந்த ஆட்டத்தில் பாதி, பிக்சர் டியூபுக்குள்தான் இருந்தது. பழைய ஆட்டங்களைப் பாதுகாக்க நினைப்பவர்கள் டிவியையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

வீட்டுப் பரணில் பெட்டி டிவியும் துப்பாக்கியும் இன்னும் இருந்தால் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். டிவியின் பின்மூடியை மட்டும் கழற்ற வேண்டாம், உள்ளே ஆபத்தான உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஒருவர் சுட, இன்னொருவர் கைப்பேசியின் ஸ்லோ மோஷனில் திரையைப் படம்பிடிக்கட்டும். முதலில் இருள், பிறகு வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம். சிறுவயதில் நாம் பார்த்தும் பார்க்காத அந்தக் கணங்கள் அதில் பதிவாகியிருக்கும்.