என்ன மரம் என்று வானிலிருந்து சொல்ல முடியுமா?

ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலம். அதில் பத்து சதவீதத்தையாவது மரங்களின் கிளைப்பரப்பு மூடியிருக்க வேண்டும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் அது வனப் பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்றெல்லாம் கேள்வி இல்லை. தென்னந்தோப்பும் சேரும், சோலைக்காடும் சேரும்.

நீலகிரிக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே ஒரே சரிவில் சோலை மரங்களும், வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த, கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும், சீகை எனப்படும் வாட்டிலும் நிற்கின்றன. சீகை புகுந்தால் புல்வெளி அழியும். வரைபடத்திலோ காடு பெருகியதாகத்தான் தெரியும்.

மரத்தை இனம் பிரிக்க இப்போது பெரிதும் பயன்படுவது ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2. முதல் செயற்கைக்கோள் 2015-இல் ஏவப்பட்டது. மொத்தம் 13 அலைவரிசைகள். சிவப்பு முடிந்து அகச்சிவப்பு தொடங்கும் இடத்தில் உள்ளவை இலையின் பச்சையத்தைக் காட்டும். அகச்சிவப்பில் இன்னும் தள்ளிப்போனால் இலையின் ஈரம் தெரியும். ஆனாலும் ஒருநாள் படத்தில் இரண்டு இனங்கள் ஒன்றுபோலவே தெரியலாம். உண்மையில் கைகொடுப்பது நாள்காட்டிதான். ஐந்து நாளுக்கொரு முறை அதே இடத்தின் படம் கிடைக்கிறது, அதுவும் இலவசமாக. நீலகிரியின் முதுமலைக் காட்டில் கோடையில் தேக்கு மொட்டையாக நிற்கும்போது ஆற்றோர மரங்கள் பச்சையாக இருக்கும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து காட்டை ஆக்கிரமித்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ், மழைக்காலத்தை ஒட்டி மஞ்சளாகப் பூத்து மாட்டிக்கொள்ளும். அந்தச் சில வாரங்கள் மேகம் மூடிவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

மிகத் தெளிவான அலைவரிசைகளில்கூட படத்தின் ஒரு புள்ளி, தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அதற்குள் நான்கு இனங்கள் கிளை பின்னிக் கிடக்கலாம். பெரிய மரங்களுக்கு அடியில் முளைத்திருக்கும் சென்னா கன்று கண்ணிலேயே படாது. ரேஞ்சருக்கு வேண்டிய தகவலோ அதுதான்: கன்றைக் கையால் பிடுங்கிவிடலாம், மரமான பிறகு வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும்.

படத்தைப் பார்த்து இனம் பிரிக்கும் கணினிக்கு எது சென்னா, எது தேக்கு என்று முதலில் யாராவது காட்டவும் வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலரோடு காட்டுக்குள் நடந்து, மரத்துக்கு மரம் ஜி.பி.எஸ். புள்ளி எடுப்பதுதான் அதற்கு வழி. பலர் ஜீப் பாதை ஓரத்திலேயே புள்ளிகளை எடுத்து, கணினியைப் பழக்கவும் பிறகு சோதிக்கவும் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளையே பயன்படுத்திவிடுகிறார்கள். மதிப்பெண் அள்ளும். தொண்ணூறு சதவீதத் துல்லியம் என்று யாராவது சொன்னால், பாதையைவிட்டு எவ்வளவு தூரம் உள்ளே போய்ச் சோதித்தார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.