"ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க சிஸ்டர்!"

"புள்ள துவண்டு கெடக்கான் சிஸ்டர். ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திவிட்டா தெம்பாயிடுவான்." காய்ச்சல் வார்டில் வேலை பார்க்கும் எந்தச் செவிலியருக்கும் இந்தப் பேச்சு பழக்கம். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பும் டாக்டரைவிட, பாட்டில் ஏற்றுபவரே கைராசிக்காரர் என்று ஒரு நினைப்பு நம்மூரில் உண்டு. அந்தப் பாட்டிலோடு தினமும் புழங்குகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அது சத்து டானிக் அல்ல, அளந்து கொடுக்கவேண்டிய மருந்து.

அரை லிட்டர் '5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்' பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். அது தரும் சக்தி 100 கலோரியைத் தாண்டாது. இரண்டு இட்லி தருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். நார்மல் சலைனில் அதுவும் கிடையாது. லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அவ்வளவே. நாங்கள் 'ஆர்.எல்.' என்று சொல்லும் ரிங்கர் லாக்டேட்டில் சோடியத்தோடு பொட்டாசியம், கால்சியம், லாக்டேட்டும் இருக்கும். வெறும் தண்ணீரை ரத்தக் குழாயில் செலுத்தினால் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடும். அதனால்தான் உப்போ சர்க்கரையோ இல்லாமல் எதையும் ஏற்றுவதில்லை.

60 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பில் சுமார் 36 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள். ரத்தத்தோடு ஓடும் பிளாஸ்மா 3 லிட்டர்தான் தேறும். நாம் ஏற்றும் சலைனும் குழாய்க்குள்ளேயே நிற்பதில்லை. பெரும்பகுதி வெளியேறித் திசுக்களின் இடைவெளியில் தங்கிவிடும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் கூடுதலானதைக் கழித்துவிடும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு அதே பாட்டில் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும்.

அதனால் எங்களுக்குச் சொட்டுக் கணக்கு முக்கியம். சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. 500 மில்லி 4 மணி நேரத்தில் இறங்க வேண்டுமானால், நிமிடத்துக்கு 42 சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ரோலரை உருட்டி உருட்டிச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம். திரும்பி வந்து பார்த்தால் சொட்டு தாரையாக ஓடிக்கொண்டிருக்கும். "சீக்கிரம் முடிஞ்சா வீட்டுக்குப் போலாமேன்னு நான்தான் தெறந்துவிட்டேன் சிஸ்டர்" என்பார் கூட இருக்கும் அண்ணன். தயவுசெய்து அந்த ரோலரைத் தொடாதீர்கள்.

உள்ளே போவதை மட்டும் எழுதினால் பாதிக் கணக்குதான். டீ, கஞ்சி, வாந்தி, பேதி, சிறுநீர் எல்லாம் சார்ட்டில் ஏறும். "மூத்திரத்தக்கூடவா அளப்பீங்க?" என்று ஒரு பாட்டி மூக்கைச் சுளித்தார். "ஆமா பாட்டி, உங்க ரத்த ஓட்டம் சரியா இருக்கான்னு அதுதான் சொல்லும்" என்றேன். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் பிரிய வேண்டும். குறைந்தால் டாக்டருக்குத் தகவல் போகும்.

டெங்குவில் இந்தக் கணக்கு கத்திமேல் நடப்பதுதான். காய்ச்சல் இறங்கும் சமயத்தில் பிளாஸ்மா குழாயிலிருந்து கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அப்போது குறைவாகக் கொடுத்தால் ரத்த அழுத்தம் விழும். மிகுந்தால் நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் சேரும். கசிவு நின்றதும் வெளியேறிய நீர் தானாகவே குழாய்க்குத் திரும்பும். அந்நேரத்தில் பாட்டிலை நிறுத்துவதுதான் வைத்தியம். உறவினர்கள் தட்டணு எண்ணிக்கையையே கேட்பார்கள், நாங்கள் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி.யையும் சிறுநீரையும் சேர்த்துப் பார்ப்போம்.

இந்தக் கண்காணிப்பின் அருமையை, ரத்தக் குழாயில் உப்புநீர் ஏற்றிய தொடக்க கால முயற்சி ஒன்றே காட்டிவிட்டது. 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் காலரா பரவியபோது, தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் சாகக் கிடந்த ஒரு மூதாட்டிக்கு உப்புநீரை ரத்தக் குழாயில் ஏற்றினார். அவர் தெளிந்தார். லாட்டா கிளம்பிப் போன பிறகு வாந்தியும் பேதியும் திரும்பின; மறுபடி உப்புநீர் ஏற்றப்படவில்லை. சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார்.

ஊசியே இல்லாமலும் நீரை ஈடுகட்டலாம் என்பதை 1971இல் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் காட்டினார். வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா. சலைன் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. குடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உறிஞ்சப்படும்; தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். ஓ.ஆர்.எஸ். எனப்படும் இந்த உப்பு-குளுக்கோஸ் நீர் வேலை செய்வது அப்படித்தான்.

குடிக்க முடிகிறவருக்கு முதல் வைத்தியம் அதுதான். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரையுங்கள். பாதிப் பாதியாக வேண்டாம். 24 மணி நேரம் கழிந்தால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். குடித்தது எதுவும் தங்காமல் வாந்தி, மயக்கம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். இதய நோய், சிறுநீரக நோய் இருந்தால் வந்தவுடன் சொல்லிவிடுங்கள். பாட்டில் வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.