பழநூல் மறுபதிப்பு: படமும் பாடமும்

ஏட்டுச்சுவடி அழியும், அச்சு நூல் நிலைக்கும் என்னும் எண்ணம் நம்மிற் பலருக்கு உண்டு. நன்கு பதப்படுத்தி, எண்ணெய் தடவிப் பேணப்பெற்ற பனையோலை இருநூறு, முந்நூறு ஆண்டுகள் இருப்பதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் மரக்கூழினின்றும் செய்யப்பெற்ற தாளோ, தன்னுள் தங்கிய அமிலத்தாலேயே பழுத்துப் பழுப்பேறி, நூறாண்டு நிறையுமுன் அப்பளம்போல் நொறுங்குகின்றது. செல்லும் இராமபாணப் பூச்சியும் எஞ்சியதை முடித்துவிடுகின்றன. ஆதலின், ஓலைக்குச் செய்யும் உதவியை இன்று அச்சு நூலுக்கும் செய்ய வேண்டிய நிலையில் நாம் உள்ளோம். அவ்வுதவி இருவகைப்படும். நூலைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுதல் ஒன்று. அப்படத்தைக் கொண்டு இக்கால வாசகர்க்கு மீண்டும் நூலாக்கித் தருதல் மற்றொன்று. முன்னது பெருகியுள்ள அளவிற்குப் பின்னதில் கவனம் பெருகவில்லை என்பது நம் கருத்து. இக்கருத்தை நமக்கு உணர்த்தியது உப்பிலியபுரத்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடந்த தகரப்பெட்டியே.

துறையூரைக் கடந்து, ஒருபால் பச்சைமலையும் மறுபால் கொல்லிமலையும் தோன்றச் செல்லும் வழியில் அமைந்தது உப்பிலியபுரம். நெல்லும் சின்ன வெங்காயமும் விளையும் அவ்வூரில் எம் தாய்வழி உறவினர் இல்லம் ஒன்றுண்டு. சென்ற கோடை விடுமுறையில் ஓடு மாற்றும் பொருட்டுப் பரணை ஒழித்தபோது, பழைய பாத்திரங்களுக்கிடையே ஒரு தகரப்பெட்டி கிடைத்தது. அதனுள் முகப்பு ஏடிழந்த சீறாப்புராண அச்சுப்படி ஒன்றும், சில முனாஜாத்துத் துண்டு நூல்களும், 64 பக்கங்கள் கொண்ட அரபுத்தமிழ்க் கல்லச்சு நூல் ஒன்றும் இருந்தன. எடைக்குப் போடுவதாக இருந்தார்கள். நாம் கேட்டுப் பெற்றோம்.

சீறாப்புராணம் அச்சேறிய வரலாறு ஈண்டு நினைவுகூரத்தக்கது. தமிழ் அச்சு 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறுநூலுடன் தொடங்கிற்று. எனினும் இந்நாட்டார் தடையின்றி அச்சகம் நடத்தும் உரிமை 1835ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னரே வாய்த்தது. அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து, 1842இல், காயல்பட்டினத்துச் செய்கப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் புலவர் ஏட்டுப்படிகளைத் தேடித் தொகுத்துச் சீறாப்புராணத்தை முதன்முதல் அச்சிட்டார். உ.வே. சாமிநாதையரின் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887இல். அதற்கு 45 ஆண்டுகள் முன்னரே, விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களும் கொண்ட பெருங்காப்பியம் ஒன்று அச்சேறிவிட்டது என்பதைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு கூறும் நூல்கள் பலவும் ஒருவரியில் கடந்து செல்கின்றன. இதனை ஒரு குறையாகவே சொல்கின்றோம்.

அன்றைய பதிப்பாசிரியர் எதிர்கொண்ட இடர் ஏடு கிடையாமை. இன்று நமக்கு அவ்விடர் பெரும்பாலும் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்கள், 1992இல் அவர்தம் மறைவுக்குப்பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பெற்று, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலவுகின்றன. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் இலக்கியங்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றியது. 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் மின்னூலகம் நடத்துகின்றது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த துயரை மறவாத ஈழத்தமிழர் 2005இல் நூலகத் திட்டத்தைத் தொடங்கினர். சீறாப்புராணத்தை இன்று திருச்சியிலிருந்தோ துறையூரிலிருந்தோ ஒரு மாணவர் கைப்பேசியில் காணலாம். நாம் எம்.ஃபில். ஆய்வு செய்த நாளில் ஒரு பழம்பதிப்பின் நான்கு பக்கங்களைக் காணச் சென்னைக்கு இருமுறை இரயிலேறியதை இன்றைய மாணவரிடம் சொன்னால் நம்பமாட்டார்.

ஆயின், படம் வேறு, பாடம் வேறு. நூலின் பக்கத்தை உள்ளபடி காட்டுவது படம். அப்பக்கத்தில் ஆசிரியர் எழுதியது இன்னது என்று பதிப்பாசிரியர் ஒருவர் பொறுப்பேற்றுத் தருவது பாடம். படத்தைப் பாடமென்று மயங்கி அச்சிடுவதால் நேரும் கேடுகள் பல.

அண்மையில் நாம் விலைகொடுத்து வாங்கிய மறுபதிப்பு ஒன்றைச் சான்றாகக் கூறலாம். வெளியிட்டோர் பெயர் வேண்டா. வழவழப்பான அட்டை, உள்ளே, இணையத்தில் கிடைத்த படங்களை அப்படியே அச்சிட்டிருந்தார்கள். ஒரு பக்கத்தின் ஓரத்தில் படம் பிடித்தவரின் கட்டைவிரல் தெளிவாகத் தெரிந்தது. அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். 112ஆம் பக்கத்தை அடுத்து 115ஆம் பக்கம் வந்ததை எங்ஙனம் பொறுப்பது? ஓர் இதழ் விடுபட்டது பதிப்பித்தவருக்கே தெரியாது. அவர் நூலைப் படிக்கவில்லை என்பதன்றி இதற்கு வேறு விளக்கமில்லை. மின்படியில் இதழ் விடுபடுதல் அரிதன்று. உப்பிலியபுரத்துச் சீறாப் படியை அதே அச்சமைப்புடைய மின்படி ஒன்றோடு நாம் ஒப்பிட்டபோது, மின்படியில் இல்லாத ஓரிதழ் நம் பெட்டிப் படியில் முழுமையாக இருக்கக் கண்டோம். முகப்பிழந்த படியென்று எடைக்குப் போயிருந்தால் அவ்விதழும் போயிருக்கும்.

படத்தை அச்சிடாமல் எழுத்தாக மாற்றிப் புதிதாக அச்சுக்கோத்தால் வேறு இடர்கள் எழுகின்றன. படத்தைக் கணினியே படித்து எழுத்தாக்கும் எழுத்துணரி இன்று வியக்கத்தக்க அளவு தேர்ந்துள்ளது. எனினும் பழைய அச்சில் அது தடுமாறுகின்றது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முற்பட்ட துதிக்கை வடிவ ணை, லை, ளை, னை ஆகியவற்றையும், சுழித்து எழுதிய ணா, றா, னா ஆகியவற்றையும் அது பிற எழுத்துகளாகக் கொள்வதுண்டு. தமிழ் எண்கள் இன்னும் பெருஞ்சிக்கல். ௧ என்பது ககரம்போலவும், ௮ என்பது அகரம்போலவும், ௪ என்பது சகரம்போலவும், ௨ என்பது உகரம்போலவும் இருத்தலின், முகப்பிலுள்ள ௧௮௪௨ என்னும் ஆண்டு 'கஅசஉ' என்னும் பொருளற்ற சொல்லாகிவிடும். அதனை அச்சுப்பிழையென்று கருதி நீக்கிவிட்டால் நூலின் காலமே போயிற்று. ஹிஜ்ரி ஆண்டையும் இங்ஙனமே கவனித்தல் வேண்டும். சந்திர ஆண்டு ஏறத்தாழப் பதினொரு நாள் குறைவுடையது. ஹிஜ்ரி 1300 என்றால் கி.பி. 1882-83. வெறுமனே 622ஐக் கூட்டி 1922 என்று எழுதுவோர் ஒரு நூலின் வயதில் நாற்பது ஆண்டுகளைக் குறைத்துவிடுகின்றனர்.

இவை பொறியின் பிழைகள், கண்டால் திருத்தலாம். கற்றவர் செய்யும் திருத்தமே நம்மை மிகவும் அஞ்சச் செய்கின்றது. இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்கள் அரபுப் பெயர்களைத் தமிழ் ஒலிமரபுக்கும் யாப்புக்கும் இயைய வழங்கினர். இக்காலத்தார் சிலர், பெயர்கள் 'சரியாக' இருத்தல் வேண்டுமென்னும் நல்லெண்ணத்தால் அவற்றைக் கிரந்த எழுத்திட்டு மாற்றுகின்றனர். 'அகுமது' என்பது நிரைநிரையாய்க் கருவிளமாகும். 'அஹ்மது' என்று திருத்தினால் நேர்நிரையாய்க் கூவிளமாகிவிடுகின்றது. 'றகுமான்' புளிமா, 'ரஹ்மான்' தேமா. உரைநடையில் இம்மாற்றம் தீங்கு செய்யாது. விருத்தத்தில் ஓரடியில் ஒரு சீர் மாறினால் நான்கடியும் ஒத்து நடக்கும் ஓசை இடறும். பின்வரும் வாசகர் அவ்விடறலைக் கண்டு, புலவருக்கு யாப்பறிவு போதாதென்று முடிவு செய்வார். உமறுப்புலவருக்கு நாம் செய்யும் கைம்மாறு இதுவாக இருத்தல் தகாது. மூலத்தில் உள்ளபடியே அச்சிட்டு, இக்கால வடிவத்தை அடிக்குறிப்பில் தருதலே நேரிய நெறி.

அங்ஙனமாயின் மாணவர் படிப்பது எப்படி என்னும் வினா எழும். வினா நியாயமானதே. பழைய அச்சில் விருத்தங்கள் அடி பிரியாமல் உரைநடைபோல் ஓடும். தொடக்க கால அச்சுகள் சிலவற்றில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிராது. சந்தி பிரியாத தொடரைக் கண்டு முதலாண்டு மாணவர் மலைப்பதை நாள்தோறும் வகுப்பில் காண்கின்றோம். ஆதலின் அடி பிரிக்கலாம், புள்ளி இடலாம், புதிய எழுத்து வடிவில் அச்சிடலாம், சொல் பிரித்தும் காட்டலாம். செய்தது இன்னதென்று முன்னுரையில் சொல்லிவிட்டால் போதும். சொற்பிரிப்பில் மட்டும் கூடுதல் விழிப்பு வேண்டும். பிரித்தல் என்பதே பொருள்கோடல். ஒரு தொடர் இருவகையாகப் பிரிய இடமுண்டாயின் இரண்டையும் காட்டுதல் கடன்.

மறுபதிப்பில் வழக்கமாக உதிர்ந்துபோவது நூலின் முன்னும் பின்னும் உள்ள பகுதி. சிறப்புப்பாயிரம், சாற்றுகவிகள், முன்பணம் தந்து கையொப்பமிட்டோர் பட்டியல், 'பிழையும் திருத்தமும்' என்னும் பக்கம் ஆகியவற்றைத் தேவையற்றவை என்று விட்டுவிடுகின்றனர். ஒரு நூலை அச்சேற்ற எவ்வூர் வணிகர் எத்தனை படிக்கு ஒப்பினார், எச்சமயத்துப் புலவர் சாற்றுகவி தந்தார் என்பதை அறிய வேறு சான்று நமக்கு ஏது? 'பிழையும் திருத்தமும்' பக்கத்தை விட்டுவிட்டு, அப்பிழைகளை மட்டும் உண்மையாகப் பெயர்த்து அச்சிட்ட மறுபதிப்பும் நம் கண்ணில் பட்டதுண்டு!

உரிமை பற்றியும் ஒரு சொல். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தபின் அவர் நூல் பொதுவுடைமையாகின்றது. சீறாப்புராணத்திற்கு உரை கண்ட சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1950இல் மறைந்தார். அவர்தம் எழுத்துகள் 2011 முதல் எவரும் அச்சிடத்தக்கவை. மூலம் பழையதாயினும், அண்மைக் காலத்தார் எழுதிய உரையையும் ஆய்வுக் குறிப்பையும் இசைவின்றி எடுத்தாளுதல் கூடாது.

இதுவரை கூறியவை தமிழெழுத்து நூல்களுக்கு உரியவை. தகரப்பெட்டியின் மூன்றாம் வகை நூல் நம்மை வேறோர் இடத்துக்கு இட்டுச்சென்றது.

அரபுத்தமிழ் என்பது தமிழ்மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறை. அரபியில் இல்லாத ட, ண, ள, ழ, ங, ஞ முதலிய ஒலிகளுக்கு, உள்ள எழுத்துகளில் புள்ளி கூட்டிப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் அமைத்துக்கொண்டனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோர் பெருநூல்களையே இதில் இயற்றினர். அச்சுக்கோக்க உலோக எழுத்து எளிதில் கிட்டாமையால் கையால் எழுதிக் கல்லச்சில் பதிப்பித்தார்கள். குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள், தமிழெழுத்து அறியாதாரும்கூட, இவ்வழியே தமிழ் நூல்களைப் படித்தனர். அவர்களை எழுத்தறியாதவர் என்று கணக்கிட்ட கணக்கு எத்துணைப் பிழையானது!

இங்கே எழுத்துணரி உதவவில்லை. எழுத்தை எழுத்தினின்றும் வேறுபடுத்துவது புள்ளி. நம் நூலிலோ புள்ளியும் இருந்தது. பூச்சி துளைத்த துளையும், ஈரக்கறையின் பொட்டும் உடனிருந்தன. படத்தை எத்துணைப் பெரிதாக்கினாலும் துளை துளையென்றும் புள்ளி புள்ளியென்றும் கணினி அறியவில்லை, நாமும் அறியவில்லை. நமக்கு அரபெழுத்து தெரியும், தமிழ் தெரியும். இரண்டும் சேர்ந்தபோது எழுத்துக்கூட்டும் குழந்தையானோம்.

அறிந்தவர் எம் நன்னி. அகவை எண்பத்தெட்டு. மணமாகி உப்பிலியபுரம் வந்தபோது தாம் கொண்டுவந்த நூல் அது என்றார்கள். தொழுகை, நோன்பு முதலியவற்றின் சட்டங்களை வினாவிடையாகக் கூறிச் செல்வது. இறுதி ஆறு பக்கங்களில் ஒரு தாலாட்டு. ஜபர், ஜேர், பேஷ் என்று குறிகளை விரலால் தொட்டுத்தொட்டு அவர்கள் படிக்க, நாம் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டோம். ஓர் அமர்வுக்கு இரண்டு பக்கம். அசர் தொழுகைக்குப்பின் தொடங்கினால் வெளிச்சம் குறையுமுன் நிறுத்திவிடுவார்கள். துளை விழுந்த இடம் வந்தால் உரைநடையில் சற்றுத் தயங்குவார்கள். தாலாட்டில் தயங்கவே இல்லை. துளையின் மேலேயே பாடிச் சென்றார்கள்.

ஓரிடத்தில் அவர்கள் பாடிய சொல்லும் அச்சில் தெளிவாகத் தெரிந்த புள்ளிகளும் ஒத்துவரவில்லை. "நன்னி, இங்கே வேறு சொல் அல்லவா இருக்கின்றது?" என்றோம். "அச்சடித்தவன் புள்ளியைத் தப்பாக வைத்துவிட்டான், வாப்பா. எங்கம்மா பாடினது இதுதான்" என்றார்கள். எதனை மூலமாகக் கொள்வது? அச்சிலுள்ளதை மேலேயும் நன்னியின் பாடத்தைக் கீழேயும் எழுதி, இன்னாரிடம் கேட்டது என்று குறித்துள்ளோம்.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தை முடித்த மறுவாரம் நன்னிக்குக் கண்ணில் புரை முற்றியிருப்பதாக மருத்துவர் கூறினார். அறுவை மருத்துவத்துக்கு உடல்நிலை இடந்தரவில்லை. தாலாட்டை முன்னமே முடித்துவிட்டதால், இடையில் பதினைந்து பக்கங்கள் எஞ்சின. இப்போது முறை மாறியுள்ளது. வெள்ளிதோறும் மாலையில் துறையூர் பேருந்தேறி நாம் செல்கின்றோம். நாம் படிக்கின்றோம், நன்னி கட்டிலில் சாய்ந்தவாறு கேட்கின்றார்கள். ளகரத்தை ழகரமாகப் படித்தால் உடனே கை உயர்கின்றது. சென்ற வெள்ளியன்று ஐம்பத்தொன்றாம் பக்கம் முடிந்தது.