எஞ்சின் மாற்றிய லாரியில் கம்பிக் கோளாறு

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1991-இல் வெளியிட்ட 4எல்80-ஈ தானியங்கிக் கியர்ப்பெட்டியில் வேகம் அறியும் உணர்விகள் இரண்டு உள. முன்னுள்ளது உட்செல்லும் சுழற்சியையும், பின்னுள்ளது வெளிவரும் சுழற்சியையும் அளக்கும். இரண்டின் இணைப்புகளும் ஒன்றுபோலிருப்பதால், எஞ்சின் மாற்றும்போது அவை இடம் மாறிவிடுவதுண்டு. அவ்வாறாயின் வேகமானி பிழைபடும். கியரும் முறைதவறி விழும்.

பெட்டியே பழுதெனக் கருதிப் பெருந்தொகை செலவிடுமுன் நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, எஞ்சினையும் சட்டத்தையும் இணைக்கும் எர்த் பட்டை இறுகியுள்ளதா எனக் காண்க. இரண்டாவது, ஒவ்வொரு கம்பியும் உரிய உணர்விக்கே செல்கிறதா எனத் தொடர்ந்து பார்க்க. மூன்றாவது, பாட்டரியைத் துண்டித்து, இணைப்பைக் கழற்றி, உணர்வியின் இரு முனைகளிடையே மின்தடையை அளக்க. மீட்டர் எல்லையற்ற தடை காட்டின் சுருள் அறுந்தது. உணர்வியை மாற்றினால் போதும். தடை சரியாயின் கட்டுப்பாட்டுப் பெட்டி வரையுள்ள கம்பியைச் சோதிக்க வேண்டும்.

எவ்வண்டியாயினும் முறை இதுவே: முதலில் கம்பி, பின்னரே கியர்ப்பெட்டி.