கம்பம் எட்டாத வீடு – 8: உச்சி வெயிலில் வாட் சரிந்தால்

மின்கம்பம் எட்டாத தோட்டத்து வீடுகளில் சோலார் வைத்திருப்பவர்களிடமிருந்து இரண்டு முறையீடுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று: ‘பத்து மணிக்கு 220 வாட் காட்டுச்சு, மத்தியானம் வெயில் கொளுத்துது, 40 வாட்தான் வருது.’ இன்னொன்று: ‘ராத்திரி மிக்ஸி போட்டா வீடே அணைஞ்சு போகுது.’ இரண்டுக்குமே புதுப் பேனலையோ புது பேட்டரியையோ தலையில் கட்டிவிடுகிறார்கள். பாதி வீடுகளில் அந்தச் செலவு தேவையே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆற்றாமை.

முதல் முறையீட்டை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது கோளாறே இல்லை. ஊருக்குள் இருக்கும் வீட்டில் மிஞ்சிய மின்சாரம் லைனுக்குப் போய்விடும். இங்கே அதை வாங்கிக்கொள்ள பேட்டரியும் வீட்டு லோடும்தான் உண்டு. 12 வோல்ட் டியூப்ளர் பேட்டரி சார்ஜ் ஏறி 14.4 வோல்ட்டைத் தொட்டதும், கன்ட்ரோலர் அந்த வோல்டேஜை அப்படியே நிறுத்திவைத்துக் கரண்டைப் படிப்படியாகக் குறைக்கும். முழுதும் நிரம்பிய பிறகு 13.6 அளவுக்கு இறக்கிவிடும். பேனலால் 220 வாட் தர முடியும். கேட்க ஆள் இல்லை. உறுதி செய்வது சுலபம். 40 வாட் காட்டும்போதே இரண்டு ஃபேனையும் டிவியையும் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் வாட் ஏறினால் எதையும் தொட வேண்டாம். துவைக்கும் வேலை, மாவாட்டும் வேலை இருந்தால் அந்த நேரத்துக்குத் தள்ளிவையுங்கள், அவ்வளவுதான்.

லோடு போட்டும் ஏறவில்லை, பேட்டரி 12.4 வோல்ட்டிலேயே கிடக்கிறது என்றால்தான் கூரைமேல் ஏற வேண்டும். சூடு ஒரு காரணம்தான், ஆனால் சின்னக் காரணம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். பேனல் 60 டிகிரிக்குக் கொதித்தாலும் 14 சதவீதம்தான் போகும். திடீரென்று பாதியாகச் சரிய அது போதாது. நிழலைத் தேடுங்கள். 36 செல் கொண்ட பேனலில் வழக்கமாக இரண்டு பைபாஸ் டயோடு இருக்கும். தென்னங்கீற்றின் நிழல் ஒரே ஒரு செல்லை மூடினாலும் அந்தப் பக்கத்து 18 செல்லும் ஒதுங்கிக்கொள்ளும். மீதிப் பாதி தருவது 9 வோல்ட். 12 வோல்ட் பேட்டரிக்குள் 9 வோல்ட்டால் ஒரு ஆம்பியர்கூட ஏற்ற முடியாது. ஆக, கையகல நிழலுக்கு ஒரு பேனல் முழுதாகப் போய்விடுகிறது. சித்திரையில் தலைக்கு நேரே நிற்கும் சூரியன் மார்கழியில் தெற்கே சாய்ந்து, நடுப்பகலிலும் 55 டிகிரி உயரத்தைத்தான் தொடும். கோடையில் பேனல் மாட்டியவர் தெற்கே நிற்கும் மரத்தைக் கவனித்திருக்க மாட்டார்.

இனி ராத்திரிக் கதை. சத்தியமங்கலம் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தால் 12.5 காட்டியது. ‘ஏனுங்க, பேட்டரி நல்லாத்தானுங்களே இருக்குது, இன்வெர்ட்டர் போயிருச்சுங்களா?’ என்றார் வீட்டுக்காரர். லோடு இல்லாதபோது பார்க்கும் வோல்டேஜை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. வீட்டம்மாவை மிக்ஸியைப் போடச் சொன்னேன். 500 வாட் மிக்ஸி ஓடினால் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் போகும். அது ஓடும்போதே பேட்டரியின் ஈய முனைகளில் அளந்தால் 12.1. இன்வெர்ட்டர் முனைகளில் 10.6. நடுவில் 1.5 வோல்ட் எங்கே போனது? மீட்டரின் ஒரு முள்ளை ஈய முனையிலும் மறு முள்ளை அதன்மேல் முடுக்கியிருந்த லக்கிலும் வைத்தேன். சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாத இடத்தில் 1.1 வோல்ட். 50 ஆம்பியரால் பெருக்கினால் 55 வாட்; ஒரு போல்ட்டின் அடியில் வெறும் சூடாகவே போய்க்கொண்டிருந்தது. இன்வெர்ட்டர் பலவும் 10.5 அளவில் தன்னை அணைத்துக்கொள்ளும். மிக்ஸி கிளம்பும் அந்த நொடியில் கரண்ட் பல மடங்கு எகிறும்போது வோல்டேஜ் அதற்கும் கீழே போகாமல் என்ன செய்யும்?

லக்கைக் கழற்றினால் வெள்ளையாக உப்புப் பூத்து, செம்பில் பச்சைக் களிம்பு. கழற்றும் வரிசை முக்கியம்: முதலில் லோடு, பிறகு பேனல் ஒயர், கடைசியில்தான் பேட்டரி, அதிலும் நெகட்டிவ் முதலில். பேனல் இணைப்பில் இருக்கும்போது பேட்டரியை எடுத்தால் கன்ட்ரோலர் புகைந்துவிடக்கூடும். மோதிரம், வளையல் கையில் இருக்கவே கூடாது. சுடுநீரில் சமையல் சோடாவைக் கரைத்துத் தேய்த்தால் நுரைத்து உப்பு விட்டுவிடும். அந்த நீர் செல்லுக்குள் இறங்காதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். துடைத்து, உப்புத்தாள் போட்டு, இறுக முடுக்கி, மேலே வாசலின் தடவ வேண்டும். மீதி 0.4 வோல்ட்டைத் தின்றது மெல்லிய ஒயர். இரண்டு மீட்டர் தூரத்துக்கு 10 ஸ்கொயர் எம்.எம். போட்டிருந்தார்கள், 25 போட்டால் இழப்பு 0.14 ஆக இறங்கும்.

லோடில் ஈய முனையிலேயே 10.8 என்று காட்டினால் மட்டும் பேட்டரியைச் சந்தேகியுங்கள். அப்போதும் முழு சார்ஜ் ஏற்றியபின் ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பாருங்கள். ஐந்து செல் 1240 அருகிலும் ஒன்று மட்டும் 1150-லும் நின்றால் அந்த ஒன்றுதான் மொத்தத்தையும் கீழே இழுக்கிறது. அதற்கு ஈக்வலைசிங் சார்ஜ் கொடுக்கும் முறையை அடுத்த வாரம் பார்ப்போம்.