குண்டுச் சத்தம் ஓய்ந்த பின்பு



யுத்தம் நடக்கும் இடத்தில் ஜனங்கள் காயப்படுவதை நாம் அறிவோம். யுத்தத்திற்குப் பயிற்சி நடக்கும் இடத்தில் வாழ்கிறவர்களைப் பற்றி நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. கரீபியன் கடலிலுள்ள வியேக்கஸ் தீவு அப்படிப்பட்ட ஓர் இடம்.

புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த இத்தீவின் நீளம் சுமார் 33 கிலோமீட்டர்தான். 1941 முதல் அமெரிக்கக் கடற்படை இதன் பெரும்பகுதி நிலத்தை எடுத்துக்கொண்டது. கரும்புத் தோட்டங்களில் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் வீட்டைவிட்டுப் பெயர்க்கப்பட்டன. கிழக்கு முனை குண்டு வீசும் களமாயிற்று. மேற்கில் வெடிமருந்துக் கிடங்கு, நடுவில் ஜனங்கள். 1999 ஏப்ரலில் குறி தவறிய குண்டுகளால், அங்கே காவல் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் இறந்தார். அதன்பின் மீனவர்களோடு கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையாரும் களத்திற்குள்ளேயே கூடாரமடித்து, ஓராண்டுக்கு மேல் தங்கினார்கள். 2003 மே 1ஆம் தேதி கடற்படை வெளியேறியது.

ஆனால் வெடிக்காத குண்டுகள் வெளியேறவில்லை. அவை மண்ணிலும் கடலடியிலும் கிடக்கின்றன. 1999 பிப்ரவரியில் சுடப்பட்ட வலுவிழந்த யுரேனியக் குண்டுகளும் அவற்றோடு சேர்ந்தன. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களும் வெடிமருந்தின் எச்சங்களும் மழையில் கரைந்து இறங்கலாம், தூசியோடு பறக்கலாம், மீனின் வழியாக உணவில் சேரலாம். காற்றோ பெரும்பாலும் கிழக்கிலிருந்துதான் வீசுகிறது, அதாவது களத்திலிருந்து ஊரை நோக்கி.

தீவில் புற்றுநோய் பிரதான தீவைவிடச் சுமார் 27 சதவீதம் அதிகம் என்று புவேர்ட்டோ ரிக்கோ சுகாதாரத் துறையின் கணக்கு காட்டியது. அமெரிக்க மத்திய அரசின் நச்சுப்பொருள் ஆய்வு நிறுவனமோ 2003இல் அபாயம் இல்லை என்றது. 2009இல் மறுபடியும் ஆராய ஒப்புக்கொண்டது. 2013இல் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. இதில் யார் சொல்வது சரி? ஒன்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் சில நோயாளிகள் கூடினாலும் குறைந்தாலும் சதவீதம் தாறுமாறாக மாறிவிடும். நச்சு உடலில் சேர்ந்து, புற்றுநோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். நாற்பது வருஷத்திற்கு முன் ஒருவர் சுவாசித்த தூசியை இன்று யார் அளப்பது? ஆதாரம் கிடைக்கவில்லை என்பது வேறு, தீங்கு இல்லை என்பது வேறு. வைத்தியத் தொழிலில் இருக்கிற எவருக்கும் இது தெரிந்த சங்கதிதான்.

துப்புரவுப் பணி நடந்து வருகிறது. நகர்த்த முடியாத குண்டுகளை அங்கேயே வெடிக்கச் செய்கிறார்கள். அந்தப் புகைக்கும் ஜனங்கள் அஞ்சுகிறார்கள். 2032 வரை இப்பணி நீளும் என்று 2021ஆம் ஆண்டு அரசுத் தணிக்கை அறிக்கை சொல்லிற்று.

இதற்கிடையே, 2017 செப்டம்பரில் வந்த மரியா புயல் தீவின் ஒரே ஆஸ்பத்திரியைப் பாழாக்கியது. சிறுநீரகம் பழுதான நோயாளிகள் இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரம் மூன்று முறை சிறு விமானத்தில் கடல் கடந்து போய்வர வேண்டியதாயிற்று. புதிய ஆஸ்பத்திரிக்கான பணம் 2020இல்தான் அனுமதிக்கப்பட்டது.