கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் நுழைந்துவிட்டேன்!

கனடாவின் ஸ்காபரோவில் காலை ஏழு மணி. ஜூலை வெயில் இன்னும் உறைக்கத் தொடங்கவில்லை. 1960களில் கட்டிய ஒரு பங்களோவின் முன்னால் நிற்கும் லொறியிலிருந்து தடித்த நெளிகுழாய் ஒன்று இறங்கி, வாசல் தாண்டி, கூடம் தாண்டி, படுக்கையறை அலுமாரிக்குள் போய் மறைகிறது. பின்னாலேயே இன்சுலேஷன் போட வந்த குழுவும் நானும்! தலைக்கு மேலேயே இருந்தும் நாம் எட்டிப் பார்க்காத அட்டிக்குக்குள் இன்று எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. வாருங்கள், ஏறுவோம்.

இந்த வீட்டில் அட்டிக்கின் வழி அலுமாரிக்குள்தான். உள்ளே இருந்த உடுப்பெல்லாம் கட்டிலில் குவிந்து, பிளாஸ்டிக் விரிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. கூறைச் சேலையை மட்டும் வீட்டு அம்மா யாரிடமும் கொடுக்காமல், தானே அடுத்த அறைக்குத் தூக்கிப் போகிறார். திரும்பி வந்ததும் கட்டளை: "பிள்ளையள், தேத்தண்ணியைக் குடிச்சிட்டு ஏறுங்கோ!" குடித்துவிட்டுத்தான் ஏறுகிறோம்.

முகக்கவசம், முழங்கால் பட்டி, நெற்றியில் விளக்கு. "கவனம் அக்கா, மரத்தில மட்டும் காலை வையுங்கோ. இடையில வச்சா நேர கட்டிலிலதான் இறங்குவியள்" என்கிறார் குழுவின் மூத்தவர். கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஆணிமுனைகள் எங்களைப் பார்த்து நீட்டியிருக்கின்றன. "இஞ்ச எல்லாரும் தலைகுனிஞ்சுதான் நடக்கவேணும், முதலாளியும்தான்!" என்று இளையவர் சிரிக்கிறார்.

முதலில் பழைய இன்சுலேஷனை விளக்கடித்துப் பார்க்கிறார்கள். மினுங்கும் வெர்மிகுலைட் துகள் கண்ணில் பட்டால் கை வைக்கவே மாட்டார்களாம். அமெரிக்காவின் மொன்டானாவில் லிபி என்ற ஊர்ச் சுரங்கம் 1990 வரை தோண்டி அனுப்பிய வெர்மிகுலைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தச் சரக்கு பழைய கனடிய வீடுகளிலும் கிடக்கிறது. இங்கே இருப்பது நைந்து அமுங்கிய கண்ணாடி இழை மட்டுமே. எல்லோருக்கும் மூச்சு வருகிறது.

மூத்தவர் ஓர் ஆணிக்குப் பக்கத்தில் விளக்கைப் பிடிக்கிறார். முனையெல்லாம் துரு, அதைச் சுற்றிப் பலகையில் காசளவு கறுப்பு வட்டம். குளிர்காலத்தில் வீட்டின் ஈரச்சூடு இடுக்குகளால் மேலேறி, இந்த முனைகளில் உறைந்து, பிறகு உருகிச் சொட்டியதன் தடயம். அந்த ஈரத்தின் ஊற்றும் பிடிபடுகிறது. குளியலறை மின்விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல், பாதியிலேயே கழன்று கிடக்கிறது! "குளிச்ச ஆவியெல்லாம் இவ்வளவு காலமும் இஞ்சதான் குடியிருந்திருக்கு." இனி அதற்குக் கூரை வழியாக வெளியேற்றம்.

இளையவர் தவழ்ந்து தவழ்ந்து, மின்கம்பித் துளை, தண்ணீர்க் குழாய்ச் சந்து என்று ஒவ்வொன்றாக ஃபோம் அடித்து மூடுகிறார். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. கோடை நண்பகலில் அட்டிக்கின் சூடு 50 பாகையையும் தாண்டும். அதற்கு முன் முடித்தாக வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, கண்ணாடியில் வியர்வை வழிகிறது. ஆனால் அவர் வாயில் பாட்டு நிற்கவில்லை!

அடுத்தது கூரை விளிம்பு. உயரம் ஒடுங்கும் அந்த மூலைகளுக்குள் வயிற்றால் ஊர்ந்து போய், சாய்மரங்களுக்கு நடுவே பஃபிள் தட்டுகளைச் செருகி அறைகிறார்கள். இன்சுலேஷன் வந்து அடைக்காமல், வெளிக்காற்று விளிம்பின் அடியிலுள்ள சொஃபிட் துளைகளால் நுழைந்து உச்சித் துவாரங்களால் போவதற்கான பாதை அது. கீழிருந்து அம்மாவின் குரல்: "எல்லாத்தையும் அடைச்சுப்போட்டு அதை மட்டும் ஏன் திறந்து விடுறியள்?" மூத்தவரின் பதில் உடனே வருகிறது: "சூடு உங்களுக்கு அம்மா, காத்து கூரைக்கு!"

எவ்வளவு சரியான பேச்சு! வீட்டுச் சூடு மேலே கசிந்தால் கூரைப் பனி உருகி ஓடி, குளிர்ந்த விளிம்பில் மறுபடி உறைந்து அணை கட்டிவிடும். பின்னால் தேங்கும் தண்ணீர் கூரைச் சில்லுகளுக்கு அடியில் புகுந்து சுவரில் இறங்கும். வீடு சூடாக இருக்க, அட்டிக் குளிராகவே இருக்க வேண்டும்.

இனித்தான் கொண்டாட்டம். லொறியில் மூன்றாமவர் செலுலோஸ் மூட்டைகளை உடைத்து இயந்திரத்தில் கொட்டுகிறார். குழாய் உறுமுகிறது, இருட்டுக்குள் சாம்பல் நிறப் பனி கொட்டுவதுபோல் ஒரே பொழிவு! எல்லாம் அரைத்த பழைய செய்தித்தாள். தீயையும் பூச்சியையும் தடுக்கப் போரேட் உப்பு சேர்த்தது. "பழைய தலைப்புச் செய்திக்கெல்லாம் இதுதான் ஓய்வூதியம்" என்று இளையவர் கத்துகிறார். மரங்களில் அறைந்த அட்டை அடிமட்டங்களை அங்குலம் அங்குலமாக அது விழுங்குகிறது. இலக்கு, ஒன்டாரியோவின் புதிய வீடுகளில் போடும் ஆர்-60 என்ற வெப்பத்தடை அளவு; செலுலோஸில் ஏறத்தாழ 16, 17 அங்குலம். கடைசியில் வெற்றுப் பைகளை எண்ணி, அட்டையில் எழுதி, அட்டிக் வாசலருகே அறைகிறார்கள். கணக்கு சுத்தம்!

இறங்கும்போது நாங்கள் மூவரும் தலை முதல் கால் வரை சாம்பல். பல் மட்டும் வெள்ளை. நீங்களும் ஒன்று செய்யுங்கள். இந்த மாரியில் பனி கொட்டிய மறுநாள், வீதியின் எதிர்ப்பக்கம் நின்று உங்கள் கூரையைப் பாருங்கள். அயல் கூரைகள் வெள்ளையாக இருக்க உங்களுடையது மட்டும் திட்டுத்திட்டாகக் கரைந்திருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சூடு அதன் வழியாகத்தான் போகிறது. அப்போது அலுமாரியைக் காலி செய்யத் தயங்காதீர்கள்!